இருபது விநாடி

மென்பொருள் எழுதிச் சோதிக்கிற இந்தத் தொழிலில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். தலைமுடியில் பாதி போய்விட்டது, மீதி வெளுத்துவிட்டது. ஒரு சோதனை தோற்றால் எனக்குக் கவலையில்லை. ஏன் தோற்றேன் என்று நாலு வரியாவது சொல்லிவிட்டுத்தான் தோற்கும். தொங்குகிற சோதனைதான் உயிரை வாங்கும். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். எதற்காகக் காத்திருக்கிறது என்று அது சொல்லாது, நாமாகத்தான் தோண்ட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது 2217ஆம் எண் சோதனை. வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாக வேண்டும். நடுவில் புதனும் வியாழனும் பூஜை விடுமுறை. எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சல் படும் வயதையெல்லாம் தாண்டிவிட்டேன், அலுப்பாக இருந்தது.

எங்கள் நிறுவனம் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. செய்கிற பொருளின் பெயர் பேசுமுனை. உடம்பு முழுக்கச் செயலிழந்து, இமையைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பவர்களின் மண்டைக்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு கருவியை வைப்பார்கள். நர்ஸ் திரையில் ஒரு கேள்வியைத் தட்டினால் அது நோயாளியின் காதில் குரலாக ஒலிக்கும். அவர் மனதுக்குள் சொல்கிற பதிலைக் கருவி எழுத்தெழுத்தாகப் பொறுக்கித் திரையில் போடும். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. அந்தக் காலத்துக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். மூளைக்கு அதுவே போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவமனைகளில் மூன்று வகை இயங்குதளங்கள் உண்டு. பெயரெல்லாம் எதற்கு, எங்கள் மாடியில் பெரியது, பளபளப்பு, இலவசம் என்றுதான் சொல்வோம். தனியார் மருத்துவமனைகளில் முதல் இரண்டும் ஓடும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒவ்வொரு பதிப்புக்கும் நாலாயிரத்துச் சொச்சம் சோதனைகளை மூன்றிலும் ஓட்டி, மூன்றிலும் பச்சை விழுந்த பிறகுதான் வெளியே விடுவோம். 2217 பெரியதில் பச்சை, பளபளப்பில் பச்சை, இலவசத்தில் மட்டும் அந்தரத்தில் நின்றது.

அதை எழுதியவன் நான்தான். கோப்பின் தலையில் 'எழுதியவர்: த. அருணகிரி' என்று ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதியோடு இருக்கிறது. கருவி வைத்த அன்று ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவருடைய மூளைச் சைகையை ஒரு மணி நேரம் பதிவு செய்வார்கள். பெயரை நீக்கிவிட்டு எண் போட்டு அதை எங்களுக்குச் சோதனை மாதிரியாகத் தருவார்கள். 2217 ஓட்டுவது மாதிரி பதினேழை. கேள்வி, 'நான் கேட்பது உங்களுக்குக் கேட்கிறதா?' இருபது விநாடி பார்க்க வேண்டும். எதுவும் வராவிட்டால் 'பதில் இல்லை' என்று எழுதித் திரையை மூட வேண்டும். அப்படி மூடினால் பச்சை.

இலவசத்தில் ஏப்ரல் மாதம் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். அதிலிருந்து இருபதாவது விநாடியில் மணி அடிக்கிறது, ஆனால் கதவு சாத்துவதில்லை. எங்கள் நிரல் திரையின் மறுமுனையை, அதாவது நோயாளி பக்கத்து முனையை, பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டே இருக்கிறது. அரை மணிக்கு மேல் ஓடுகிற எதையும் கொன்றுவிடுவது எங்கள் மாடி வழக்கம் என்பதால் தினமும் அரை மணியில் அதைக் கொன்றார்கள். சுகாதாரத் துறையிலிருந்தும் ஒரு புகார் வந்திருந்தது. திரைகள் மூடுவதில்லை, வெள்ளிக்குள் சரிசெய்யவும்.

வசுமதி காலையிலேயே என் மேஜைக்கு வந்துவிட்டார். எங்கள் குழுவின் தலைவர், என்னைவிடப் பதினேழு வயது இளையவர். கெட்டிக்காரி. கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுப்பு விழுந்திருக்கும்.

"ஏனுங்ணா, இன்னும் தொங்கிட்டேதான் இருக்குதுங்களா?"

மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்றேன். முடிக்கத் தெரியாமல் இல்லை. மறுமுனையை வலுக்கட்டாயமாகப் பிடுங்கிவிட ஒரே ஒரு வரி போதும். எங்கே தொங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அந்த வரியைச் சேர்க்கலாம் என்று, பத்து ஐந்துக்கு, இலவசம் ஓடுகிற என் கணினியில் மாதிரி பதினேழைக் கையால் ஓட்டிவிட்டேன், கையால் ஓட்டினால் அரை மணி வரம்பு கிடையாது. கேள்வி போனது. கர்சர் மினுக்கியது.

அப்போதுதான் பூஜைக்கு ஆட்கள் வந்தார்கள். மறுநாள் ஆயுத பூஜை, அலுவலகத்தில் முதல் நாளே போட்டுவிடுவோம். ஒவ்வொரு கணினித் திரையின் நெற்றியிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் தொட்டு, விசைப்பலகையின் மேல் ஒரு செவ்வந்திப் பூ வைத்துக்கொண்டே வந்தார்கள். பூ வைத்துவிட்டால் தீபாராதனை முடிந்து பொரி கொடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. கோடிக்கணக்கான வரி எழுதுகிற ஆட்கள்தான், ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் எங்கள் மாடியில் ஒருவரும் மீற மாட்டார்கள். நானும் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். ஓடுகிற சோதனையை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, பூவைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பொரிப் பொட்டலமும் சுண்டலுமாகத் திரும்பி வரும்போது பதினொன்று அடித்துவிட்டது. திரையில் இது இருந்தது.

கேள்வி: நான் கேட்பது உங்களுக்குக் கேட்கிறதா?
பதில்: கேக்குது. போயிட்டீங்களா?
எடுத்த நேரம்: 47 நிமிடம் 12 விநாடி

அதற்குக் கீழே கர்சர் மறுபடி மினுக்கிக்கொண்டிருந்தது.

முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். விசைப்பலகையில் பூ வைத்த இடத்திலேயே இருந்தது. பதிவை எடுத்து விநாடி விநாடியாகப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்த மனிதருக்குக் கேள்வி கேட்டிருக்கிறது. பதிலைத் திரட்டி மேலே கொண்டுவர, ஆழக் கிணற்றில் வாளி இறக்கி இழுப்பதுபோல, அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்திருக்கிறது. ஒன்பது வருடமாக அந்தப் பதில் எங்கள் சேமிப்பில் கிடந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை அதை ஓட்டி, மூன்று தடவையும் இருபதாவது விநாடியில் அவர் வாயைப் பொத்திவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மாதிரி பதினேழின் குறிப்பைத் திறந்தேன். பெயர் இல்லை. ஆண், வயது 52. அடியில் ஒரு வரி. 'மூன்று மதிப்பாய்வுகளிலும் பதில் இல்லை. கருவி அகற்றப்பட்டது.' எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

விதி அது. கருவிகள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. மூன்று மதிப்பாய்வுகளில் பதில் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை என்று முடிவுகட்டி, கருவியை எடுத்து வரிசையில் அடுத்தவருக்கு வைத்துவிடுவார்கள்.

அந்த இருபது விநாடி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்த டாக்டரும் சொல்லவில்லை. முதலில் எல்லை எதுவும் இல்லாமல்தான் எழுதினேன், சோதனை தொங்கியது. அன்று மாலை ஐந்து பத்துக்குக் கம்பெனி பஸ். பத்து விநாடி குறைச்சலாகப் பட்டது, அறுபது போட்டால் மொத்த ஓட்டமும் இழுத்தடித்தது. இருபது என்று போட்டேன், பச்சை விழுந்தது, பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பிறகு மருத்துவமனைக்குப் போகிற நிரலிலும் அதே எண்ணை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சோதனையில் அப்படித்தானே இருக்கிறது.

கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். பிறகு சுகாதாரத் துறையின் புகாரை எடுத்தேன். அதில் தெற்கே ஒரு அரசு மருத்துவமனை வார்டின் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். வார்டு சிஸ்டர் எடுத்தார். பெயர் பிலோமினா என்றார். திரை மூடாமல் இருப்பதைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் புகார நாங்க குடுக்கல சார். ஆபீஸ்ல குடுத்திருக்காவ. எங்களுக்கு அது மூடாம இருக்கதுதான் நல்லது," என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு நிதானமாக விளக்கினார். ஏப்ரலில் திரை மூடுவது நின்றுபோனதும் முதலில் இவர்களும் கோளாறு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நாலு நோயாளிகள், ஆள் பற்றாக்குறை, அதன் முன்னால் நின்று போராட யாருக்கும் நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் சின்னப்பராஜ் என்பவரின் திரையில் எழுத்து வந்திருந்தது. மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், நாற்பத்து நாலு வயது. இரண்டு வருடமாக ஒரு எழுத்துகூட வராதவர்.

"வலி இருக்கான்னு கேட்டுட்டுப் போனேன் சார். ஒரு மணி நேரம் செண்டு வந்து பாக்கேன், ஃபேன் மூஞ்சியில நேரா அடிக்குன்னு வந்திருக்கு. ரெண்டு வருசமா அடிச்சிருக்கு சார். நாந்தான் அந்த ஃபேன அங்கன திருப்பி வச்சது."

அதிலிருந்து வார்டில் ஒரு வழக்கமே வந்துவிட்டதாம். காலை ஏழு மணிக்குக் கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு டாக்டர் சுற்றிவரும்போது பதிலைப் பார்ப்பார்கள். சின்னப்பராஜின் மனைவி ஜெபக்கனி தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். மூத்தவளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றி நேற்றுக் கேட்டாராம், பையன் குடிப்பானா என்று விசாரி என்று பதில் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை அவருக்கு மூன்றாவது மதிப்பாய்வு. முதல் இரண்டும் ஏப்ரலுக்கு முன்பு நடந்தவை, இரண்டிலும் பதில் இல்லை. இப்போதுதான் பதில் சொல்கிறாரே என்றால், ஒழுங்காகத் திரை மூடிய பேச்சு மட்டும்தான் கருவியின் பதிவேட்டில் ஏறும், இவருடையது ஒன்றும் ஏறவில்லை. சிஸ்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மதிப்பாய்வுக் குழு நோட்டைப் பார்க்காது, அன்றைக்குத் திரையில் வருவதைத்தான் பார்க்கும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குள் திரை மூட ஆரம்பித்துவிட்டால் இருபதாவது விநாடியில் மறுபடியும் 'பதில் இல்லை'தான்.

"வெள்ளிக்கிழமை சரியாயிரும்னு ஆபீஸ்ல சொன்னாவ. சரியாயிருமா சார்?" என்று கேட்டார்.

பார்க்கிறேன் சிஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விடுமுறை இரண்டு நாளும் அலுவலகத்துக்கு வந்தேன். வீட்டில் கேட்டதற்கு ரிலீஸ் என்று சொன்னேன், அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. 'பதில் இல்லை' என்று முத்திரை குத்திய மாதிரிகள் மொத்தம் முப்பத்தொன்று இருந்தன. சந்தனம் காய்ந்து உதிர்கிற கணினிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு முழு ஒரு மணி நேரமும் ஓடவிட்டேன். இருபத்திரண்டில் கடைசிவரை எதுவும் வரவில்லை. ஒன்பதில் வந்தது. ஒருவர் தண்ணி என்றார். ஒருவர் யாரோ சரசுவைக் கூப்பிட்டார். ஒரு அம்மாள் கடைசி நிமிடத்தில் 'ம்' என்று மட்டும் சொன்னார். ஒன்பது பேரின் குறிப்பிலும் கருவி அகற்றப்பட்டது என்று இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில் ஆபீஸில் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நல்லவேளை, மாடியில் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஒரு வரியைத்தான் மாற்றினேன். அவர்கள் எதிர்பார்த்த வரியை அல்ல. 2217இல் வர வேண்டிய விடை 'பதில் இல்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'கேக்குது. போயிட்டீங்களா?' என்று எழுதினேன். அரை மணி வரம்பையும் அந்த ஒரு சோதனைக்கு மட்டும் தளர்த்தினேன். ஒன்பதரைக்கு முடிவு வந்தது. இருபதாவது விநாடியில் கச்சிதமாக மூடிவிடுகிற பெரியதில் சிவப்பு, பளபளப்பில் சிவப்பு, இலவசத்தில் பச்சை.

வசுமதி கிட்டத்தட்ட ஓடி வந்தார். தொங்குவதை எடுக்கச் சொன்னால் ஓடிக்கொண்டிருந்த இரண்டையும் படுக்க வைத்துவிட்டீர்களே என்றார். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு, ஒன்பது பேர், மின்விசிறி, திங்கட்கிழமை. கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வரிசைல நூத்தி நாப்பது பேர் இருக்காங்ணா. அதுல முக்காவாசிப் பேர் கருவி வெச்சா அஞ்சு செகண்ட்ல பதில் சொல்லிருவாங்க. ஒருத்தருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தா அவங்க காத்திருக்கறதுக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஆள் இல்லை என்று எழுதுவது வேறு, ஆள் இருக்கிறார், எங்களுக்கு நேரமில்லை என்று எழுதுவது வேறு. இரண்டாவதை எழுத யாருக்காவது தைரியம் இருந்தால் எழுதட்டும், முதலாவதில் இனி என் பெயர் இருக்காது என்றேன்.

"நீங்க இதக் கண்டுபுடிக்காமயே இருந்திருக்கலாம்ங்ணா," என்றார் வசுமதி. கோபமில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று சொன்னேன்.

பதினொரு மணிக்கு வெளியீட்டுக் கூட்டம். சிவப்பு இருந்தால் பதிப்பு போகாது. சிவப்பை எடுக்க விடையைப் பழையபடி மாற்ற வேண்டும். மருத்துவக் கருவி என்பதால் எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு சோதனையின் விடையை எழுதியவர்தான் மாற்றலாம். அவர் மறுத்தால், அந்த மாதிரியை முதலிலிருந்து முடியும்வரை தன் கண்ணால் பார்த்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டு மாற்றலாம். இந்த விதியை இதுவரை யாரும் எழுத்துப்படி கடைப்பிடித்ததில்லை. இருபது விநாடிச் சோதனைக்கு யார் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள், படிக்காமலேயே கையெழுத்துப் போடுவோம்.

வசுமதிக்கு அப்படிக் கையெழுத்துப் போட வராது. அதுதான் அவரிடம் சிக்கல். மணி பார்த்தார், பத்து ஐந்து. நாற்காலியை என் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓட்டுங்ணா," என்றார்.

ஓட்டினேன். கேள்வி போனது. கர்சர் மினுக்கியது. இருபது விநாடி கடந்தது. அது எவ்வளவு சின்ன நேரம் என்று நான் சொல்லவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

பத்து நிமிடம் வரை செல்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கவிழ்த்து வைத்தார். ஒரு தடவை கை தன்னால் விசைப்பலகைப் பக்கம் போனது. நிறுத்துகிற இரண்டு விசைகள் எங்கள் எல்லாருக்கும் விரலிலேயே இருக்கின்றன. பாதியில் நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்தாவது நிமிடத்தில், சும்மா ஒரு இடத்தில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை என்றார். நான் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், போனால் விட்டுப்போய்விடும் என்றார். செவ்வாய்க்கிழமைப் பூ காய்ந்து மேஜை ஓரத்தில் கிடந்தது, அதன் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு முதல் எழுத்து வந்தது. 'கே' என்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லாததுபோல இருந்தது. சில விநாடிகள்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 'கேக்குது' என்று வந்தபோது வசுமதி என்னைத் திரும்பிப் பார்த்தார். 'போயிட்டீங்களா?' என்று வந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் விசைப்பலகையை அருகில் இழுத்து, பதில் எதிர்பார்த்து மினுக்கிக்கொண்டிருந்த இடத்தில் தட்டினார்.

'இல்லீங்க. இங்கதான் இருக்கறனுங்க.'

தட்டிவிட்டு உள்ளே அனுப்பினார். அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவு. அவர் தட்டியது யார் காதுக்கும் போகாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினொன்றுக்குக் கவிழ்த்து வைத்திருந்த செல்பேசி அதிர்ந்தது. கூட்டத்திலிருந்துதான். எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் கையெழுத்து ஆயிற்றா என்று கேட்பது எனக்கே கேட்டது. அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பதிவில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது.

"இன்னைக்கு ரிலீஸ் இல்லீங்க," என்றார். "டெஸ்ட் இன்னும் முடியல."